அம்மாவின் இரண்டாவது விண்ணப்பம்

தங்கையின் திருமணத்திற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வரவிருந்த அம்மாவின் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது, தங்கும் காலம் முடிந்ததும் அவர் நாடு திரும்புவார் என்று நம்ப இயலவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

இந்த வருகையாளர் விசாவுக்கு மேன்முறையீடு கிடையாது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் மீளாய்வு கோரலாம், அல்லது 100 டொலர் கட்டி மீண்டும் விண்ணப்பிக்கலாம். அதே தாள்களைத் திரும்ப அனுப்புவது வீண் என்பதால், தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் 5 டொலர் செலுத்தி, அதிகாரியின் குறிப்புகளை முதலில் பெற்றேன். அம்மாவின் வங்கிக் கணக்கில் திடீரென ஏறிய தொகை எங்கிருந்து வந்ததென விளங்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அது பயணச் செலவுக்காக நான் அனுப்பிய பணம். அதை விளக்காமல் விட்டது முழுக்க என் பிழை.

இம்முறை பணம் அனுப்பிய பற்றுச்சீட்டையும் மண்டப முன்பதிவையும் இணைத்து, முந்தைய நிராகரிப்பையும் மறைக்காமல் எழுதினோம். மறைத்தால் 5 ஆண்டுத் தடைகூட வரலாம். ஊர் திரும்புவார் என்பதற்குச் சான்றாக, பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த காணி உறுதியை, மடிப்புகள் கிழியாதபடி அம்மா மெதுவாக விரித்து வீடியோவில் காட்டினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தே போயிருக்கிறது. முகூர்த்தத்துக்கு இன்னும் 9 வாரங்கள் இருக்கின்றன.