முதல் ஸ்டார்ட்டுக்கு முன்: பிரித்துக் கட்டிய லாரி என்ஜின் ஒன்றின் நாட்குறிப்பு

மார்ச் 4

ஹெட் போல்ட்டுகளின் கடைசிச் சுற்று முறுக்கு இன்று காலையில் முடிந்தது. நடுவில் தொடங்கி இரு முனைகளையும் நோக்கிப் போகும் வரிசையில், கையேட்டில் உள்ள படிகளை ஒன்றும் விடாமல் டார்க் ரென்ச்சால் முறுக்கி, முடிந்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயிண்ட் கோடு இட்டேன். ஆறு சிலிண்டர்களுக்கும் புதிய லைனர் (சிலிண்டரின் உட்சுவராக நிற்கும் குழல்), புதிய பிஸ்டன், புதிய ரிங். கிராங்க் ஷாஃப்ட்டை அரைத்து, அதற்கு ஏற்ற அளவில் பேரிங் போட்டாயிற்று. பார்ப்பவர்கள் என்ஜின் தயாராகிவிட்டது என்றுதான் சொல்வார்கள், செல்ஃப் அடித்துப் பார்க்கலாமே என்றும் கேட்பார்கள். என் எண்ணம் வேறு. டீசல் சிலிண்டருக்குள் போவதற்கு முன்பே எண்ணெய் எல்லாப் பேரிங்குகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இனிச் செய்யப்போகும் வேலைகள் அத்தனையும் இந்த ஒரு வரிசையைக் காப்பதற்காகத்தான்.

மாலையில் ஃபிளைவீல் பக்கத்திலிருந்து நெம்பி, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றினேன். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினின் ஒரு முழுச் சுழற்சி 720 பாகை என்பதால், ஒரே சுற்றோடு நிறுத்தினால் வால்வுகளில் பாதியின் அசைவைப் பார்க்காமலே விட்டுவிடுவோம். புது ரிங்குகளின் பிடிப்பு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் இறுகினாலோ, எதிலாவது தட்டி நின்றாலோ, அங்கே பலத்தைக் கூட்டாமல் நிறுத்திக் காரணம் தேட வேண்டும். கையால் சுற்றும்போது தெரியவரும் தடை கையோடு போகும். செல்ஃப் மோட்டார் அதே தடையை மோதிக் கண்டுபிடித்தால் வால்வு வளைந்துவிடும்.

மார்ச் 5

டேப்பட் இடைவெளி வைத்தேன், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் நடுவே விட வேண்டிய சிறு இடைவெளி. இந்த என்ஜினின் எரிவரிசை 1-5-3-6-2-4. ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடி மற்றொன்று திறக்கும் அந்த ஆட்டத்தில் இருக்கும்போது, முதல் சிலிண்டர் அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிற்கும். அதன் இரண்டு டேப்பட்டுகளையும் அப்போது வைக்கலாம். அங்கிருந்து கிராங்கை 120 பாகை திருப்பினால் இரண்டாவது ஆடும், ஐந்தாவதை வைக்கலாம். அடுத்து நான்காவது ஆட மூன்றாவது, இப்படியே ஆறும் முடியும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் தகடு லேசான உரசலோடு இழுபட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சற்றே திரும்பிவிடுவது வழக்கம் என்பதால், இறுக்கிய பிறகு ஒவ்வொன்றையும் மறுபடி அளந்தேன். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடேறி நீள்வதால் பெரும்பாலான என்ஜின்களில் அதற்கு இன்டேக்கைவிடக் கூடுதல் இடைவெளி சொல்லப்பட்டிருக்கும். இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் வால்வு முழுமையாக மூடாமல் அதன் விளிம்பு கருகும், அதிகமாக இருந்தால் சத்தம் வரும். இரண்டில் சத்தம் வருவதே மேல் என்பேன், அது தன்னைத் தானே தெரிவித்துவிடுகிறது.

மார்ச் 8

எண்ணெய்க்காகவே ஒரு நாளை முழுமையாக ஒதுக்கினேன்.

கட்டும்போது பேரிங்குகளில் தடவிய எண்ணெய் கிராங்கைக் கையால் சுற்றுவதற்குப் போதும். எரிதலின் சுமையை அது தாங்காது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம்தான், ஓடும்போது சுமையைத் தாங்கி நிற்கும் எண்ணெய்ப் படலமோ அதைவிடவும் பல மடங்கு மெல்லியது. அந்தப் படலம் உருவாகாமல் உலோகம் உலோகத்தைத் தொட்டுச் சுழன்றால், சில நொடிகளிலேயே புதுப் பேரிங்கின் மேற்பூச்சு வழிக்கப்பட்டுவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் ஆயுளின் பெரும் பகுதி போய்விடுகிறது என்பதுதான் இதில் கொடுமை.

என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் அளவுகோலின் மேல் கோடு வரை எண்ணெய் ஊற்றினேன். ஆனால் சம்ப் நிறைந்திருப்பதால் மட்டும் பம்ப் எண்ணெயை இழுத்துவிடாது. உலர்ந்த கியர்களுக்கு நடுவே காற்று இருக்கும் வரை அது காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் பம்ப்பைப் பொருத்தும்போதே அதற்குள் எண்ணெய் நிரப்பியிருந்தேன், இருந்தும் அதை நம்பி விட்டுவிட மனம் வரவில்லை. பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு ஹோஸை மாட்டி, அழுத்தம் கொடுக்கக்கூடிய கையடி டாங்க்கிலிருந்து பேரிங்குகளுக்கு எண்ணெய் பிரிந்துபோகும் மெயின் கேலரிக்குள் சுத்தமான எண்ணெயைச் செலுத்தினேன். ஃபில்டர், கூலர் ஆகியவற்றில் இருந்த காற்று இப்படியே வெளியேறுகிறது. சிறிது நேரம் செலுத்தியும் மேலே ராக்கர் ஷாஃப்ட்டில் ஒரு துளிகூட வரவில்லை. இதில் கலங்க ஒன்றுமில்லை. சில என்ஜின்களில் கேம் ஷாஃப்ட்டின் துளை பிளாக்கின் துளைக்கு நேராக வரும் நொடியில்தான் ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும். ஆகவே அழுத்தத்தை விடாமல் கிராங்கை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தேன். முதலில் முன்பக்க ராக்கரிலும், பிறகு ஒவ்வொன்றாகக் கடைசி ராக்கர் வரையிலும் எண்ணெய் கசிந்து வழியத் தொடங்கியது. கிராங்கைப் பற்றிய என் கவலையில் பெரும் பகுதி அந்த வழிதலோடு நீங்கியது.

புகையின் வேகத்தில் சுழன்று காற்றை உள்ளே அழுத்தும் டர்போவுக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு அருகே போகக்கூடியது. எண்ணெய் வரும் குழாயைக் கழற்றி, துளையில் எண்ணெய் ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டுக் குழாயைத் திரும்ப மாட்டினேன்.

மார்ச் 9

தண்ணீர். கூலன்ட்டும் சுத்திகரித்த நீரும் பாதிக்குப் பாதி. எத்திலீன் கிளைக்காலில் இந்தக் கலவை ஏறக்குறைய −37 பாகை செல்சியஸ் வரை உறையாது. குளிரே இல்லாத இடத்திலும் வெறும் தண்ணீர் ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. பிஸ்டன் பக்கவாட்டில் தட்டும்போது கூலன்ட் நேராகத் தொடும் ஈர லைனர் அதிர்கிறது; அந்த அதிர்வில் லைனரின் வெளிப்புறத்தில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்து, காலப்போக்கில் லைனரையே துளைத்துவிடும். கூலன்ட்டில் உள்ள காப்புப் பொருள் தடுப்பது இதைத்தான். காற்று தங்காதபடி மெதுவாக ஊற்றி, தெர்மோஸ்டாட் கூட்டின் மேலுள்ள காற்றுத் திருகைத் திறந்துவைத்து, இடைவிடாத நீர்க்கோடு வந்த பிறகே மூடினேன்.

மார்ச் 11

டீசல் லைனில் காற்றெடுப்பு. ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்கினேன். பிறகு இன்ஜெக்ஷன் பம்ப்பிலும் அதையே செய்தேன். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் பக்க நட்டுகளை நாளைக்கு விட்டுவைத்திருக்கிறேன். அங்கே டீசல் 200 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தெறிக்கக்கூடியது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைத் தேட அட்டையைத்தான் பிடிக்க வேண்டும், விரலை அல்ல.

டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவர் முழுவதும் போய்த் தங்குதடையின்றித் திரும்புகிறதா என்று பலமுறை பார்த்தேன். பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் முழு டீசல் நிலையில் சிக்கிக்கொண்டால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். டர்போ வழியே எண்ணெய் உள்ளே போய் எரிந்தால் டீசலை நிறுத்தியும் பயனில்லை, காற்றைத்தான் அடைக்க வேண்டும். அதற்காகக் காற்று நுழையும் வாயை முழுதாக மூடக்கூடிய தடித்த பலகை ஒன்றும், தீயணைப்பானும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. 1893இல் ருடால்ஃப் டீசலின் சோதனை இயந்திரத்தில் முதன்முறை எரிதல் நிகழ்ந்தபோது, அழுத்தத்தை அளக்க மாட்டியிருந்த கருவியே வெடித்துச் சிதறியது. முதல் எரிதலின்போது அருகில் நிற்பவர்கள் ஆயத்தத்தோடு நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை.

பேட்டரிகள் இரண்டும் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டுகின்றன. எர்த் வயர் மாட்டும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி உலோகத்தை வெளிப்படுத்தினேன்.

மார்ச் 12

ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தோம். ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்தைத் தாண்டவிடாமல், இடையில் மோட்டார் ஆறும் வரை காத்திருந்தோம். எண்ணெய் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜின் முள் எழுந்து நின்றதும் நாசில் நட்டுகளைத் தளர்த்தி, லீவரை விடுவித்து மறுபடி சுற்றினோம். ஒவ்வொன்றிலும் டீசல் விட்டுவிட்டுத் தெறித்ததைப் பார்த்து இறுக்கினோம்.

அதன் பிறகுதான் உண்மையான ஸ்டார்ட். இரண்டு சிலிண்டர்கள் முதலில் பிடித்தன, வெள்ளைப் புகை வந்தது, மற்றவையும் சேர்ந்துகொண்டன. என் கண் புகையின் மேல் இல்லை, பிரஷர் கேஜின் மேல் இருந்தது. முள் உடனே ஏறி அங்கேயே நின்றது. ஆக்சிலேட்டரை யாரையும் தொட விடவில்லை. சூடு ஏறும் வரை ஓடவிட்டு, கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன்; ரிட்டர்ன் குழாயின் ஒரு வாஷரில் மட்டும் டீசல் ஈரம் தெரிந்தது. நிறுத்தி வாஷரை மாற்றியாயிற்று.

வெறுமனே நீண்ட நேரம் ஐடிலில் ஓடவிடுவது புது ரிங்குக்கு ஆகாது. சுமையின் அழுத்தம் இல்லாமல் ரிங் லைனரோடு பொருந்தி அமராது, லைனரின் உட்சுவர் வழவழத்துப்போய், பிறகு எண்ணெய் குடிக்கத் தொடங்கும். ஆகவே என்ஜின் ஆறியதும் டேப்பட்டை மறுபடி அளந்துவிட்டு, நாளை மிதமான பாரம் ஏற்றி ஓட்டப்போகிறோம். திரும்பி வந்ததும் ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.