56 வர வேண்டிய இடத்தில் 57: சேலத்தில் ஒரு எம்எம்ஏ தீர்ப்பை மாற்ற அலைந்த கதை

கடைசியில் அந்த எம்எம்ஏ சண்டையின் (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) ரிசல்ட் மாறிவிட்டது. அக்கா மகன் ஜெயித்ததாக மாறவில்லை. தோல்வி என்று இருந்தது டிரா ஆனது, அவ்வளவுதான். அதற்கே நாக்கு தள்ளிவிட்டது. பிள்ளைகளைக் கூண்டுக்குள் இறக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். விதிகள் தெரியாதவர்களுக்காக அங்கங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த அமெச்சூர் போட்டி. பதிவு, டாக்டர் சோதனை, எடை எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. மூன்று நிமிடம், மூன்று சுற்று. எங்கள் பையன் சிவப்பு மூலை. இரண்டாம் சுற்றில் நீல மூலைப் பையன் திரும்பத் திரும்ப டேக்டவுன் போட்டுப் படுக்கவைத்தான். ஆனால் மேலே இருந்து ஒன்றும் செய்யவில்லை, இவன்தான் கீழே இருந்து குத்திக்கொண்டிருந்தான். அதே சுற்றில் இவன் அவனைக் கூண்டோரமாகத் தூக்கப் போனபோது அவன் வலைக்குள் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டான். ரெஃப்ரி ஏற்கெனவே அதற்கு எச்சரித்திருந்தார். இந்த முறை சண்டையை நிறுத்தி, நீல மூலையைக் காட்டி, ஒரு விரலை உயர்த்தி, மூன்று ஜட்ஜுகளுக்கும் தெரியும்படி ஒரு புள்ளி வெட்டினார். மண்டபமே பார்த்தது.

மைக்கில் அறிவித்தது இது: முதல் ஜட்ஜ் 29-27 சிவப்பு, இரண்டாம் ஜட்ஜ் 29-27 நீலம், மூன்றாம் ஜட்ஜ் 29-28 நீலம். ஸ்பிளிட் டிசிஷனில், அதாவது இரண்டுக்கு ஒன்று என்று, நீலம் வெற்றி. அந்தப் பக்கம் விசில் பறக்கிறது. இந்தப் பக்கம் எங்கள் மாஸ்டர், பையனின் கோச், நாற்காலியை உதைக்கிறார்.

எனக்கு அந்த மூன்றாவது நம்பர்தான் உறுத்தியது. வழக்கமாகச் சுற்றை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒரு சுற்று 10-9 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 19. மூன்று சுற்றுக்கு 57. ஒரு புள்ளி வெட்டினால் 56. இருபத்தொன்பதும் இருபத்தேழும் 56, சரி. இருபத்தொன்பதும் இருபத்தெட்டும் 57. அப்படியானால் வெட்டிய புள்ளி அந்த ஒரு கார்டில் (ஜட்ஜின் மார்க் சீட்டில்) மட்டும் எங்கே போனது? அறிவிப்பாளர் மைக்கை வைப்பதற்குள் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பத்து நொடிகூட ஆகாது.

ஸ்கோர் மேஜைக்குப் போனேன். அங்கிருந்தவர் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே, "தீர்ப்பு தீர்ப்புதான் சார். ஜட்ஜ் போட்டது போட்டதுதான்" என்றார். கார்டைக் காட்டச் சொன்னேன். "அதெல்லாம் பப்ளிக்குக் காட்டுறதில்லை." முறையீடு எழுதித் தருகிறோம் என்றதும், சண்டை முடிந்த 30 நிமிடத்துக்குள் தர வேண்டும், 2,000 ரூபாய் ரொக்கம், பதிவு பெற்ற கோச் கையெழுத்து வேண்டும், தாய்மாமன் கையெழுத்து செல்லாது என்று அடுக்கினார். இதற்குள் மாஸ்டர் கோபத்தில் மற்ற பையன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். போன் போட்டுத் திருப்பி வரவழைத்தேன். முறையீட்டு ஃபார்ம் தீர்ந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை எதுவும் திறக்கவில்லை. வெள்ளைத்தாளில் எழுதித் தந்தால் வாங்கமாட்டேன் என்கிறார். அந்த வழியாக வந்த மூத்த அதிகாரி ஒரு அம்மா, "வாங்கிக்கோப்பா, தாளா முக்கியம்?" என்று சொன்ன பிறகுதான் கை நீட்டினார்.

மாஸ்டர் எழுதியதைப் படித்தால் தலை சுற்றியது. டேக்டவுன் போட்டுவிட்டுச் சும்மா படுத்திருப்பதற்கு எதற்குப் புள்ளி, கீழே இருந்து விழுந்த குத்துகள் கண்ணில் படவில்லையா என்று ஒன்றரைப் பக்கம். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 2017 முதல் நடப்பில் உள்ள யூனிஃபைட் ரூல்ஸ் (எம்எம்ஏவின் பொது விதிகள்) அளவுகோல்படி முதலில் பார்க்க வேண்டியது அடியும் பிடியும் எவ்வளவு பலன் தந்தன என்பதைத்தான். அதில் சமம் என்றால்தான் ஆக்ரோஷம், அதிலும் சமம் என்றால்தான் கூண்டைக் கட்டுப்படுத்தியது யார் என்பது. வெறுமனே மேலே படுத்திருப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் இதையெல்லாம் முறையீட்டில் எழுதினால் குப்பைக்கூடைதான். "மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க, எல்லாத்தையும் அடிச்சிடுங்க. புள்ளி வெட்டினது கார்டுல ஏறலைன்னு ஒரே வரி போதும்" என்றேன். கோவித்துக்கொண்டார். இருந்தாலும் அடித்தார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. அமெரிக்காவில் சண்டைப் போட்டிகளை மேற்பார்க்கும் நெவாடா கமிஷன் விதியில் ஒரு முடிவை மாற்ற மூன்று காரணங்கள்தான் சொல்லியிருக்கிறார்கள்: கூட்டுச் சதி, கார்டைக் கூட்டியதில் பிழை, விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ரெஃப்ரி கொடுத்த தீர்ப்பு. ஜட்ஜின் பார்வை தப்பு என்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது. 2009-இல் யூஎஃப்சி (பெரிய எம்எம்ஏ நிறுவனம்) பட்டச் சண்டையில் மச்சீடாவுக்கு மூன்று ஜட்ஜும் 48-47 போட்டபோது எதிராளி ஷோகன்தான் ஜெயித்தார் என்று ஊரே கத்தியது. முடிவு மாறவில்லை, 2010 மே மாதம் மறுசண்டையில் முதல் சுற்றிலேயே நாக் அவுட் செய்துதான் ஷோகன் பெல்ட்டை வாங்கினார். 2020-இல் யூஎஃப்சியின் ஜோன்ஸ்–ரேயஸ் சண்டையில் ஒரு ஜட்ஜ் ஜோன்ஸுக்கு 49-46 போட்டார். இன்றுவரை திட்டுகிறார்கள், ரிசல்ட் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் 2012 மார்ச்சில் சிட்னியில் நடந்த யூஎஃப்சி சண்டையில் டிமீட்ரியஸ் ஜான்சன் ஜெயித்தார் என்று அறிவித்துவிட்டு, பிறகு பார்த்தால் கார்டில் கூட்டல் பிழை. அது டிரா என்று திருத்தப்பட்டு, ஜூனில் இயன் மெக்காலுடன் திரும்பச் சண்டை போட்டார். எனக்கு வேண்டியது அந்தச் சிட்னி வழிதான்.

பணத்தைக் கட்டியதும் ரசீது தந்தார்கள். அதில் தேதி இருந்தது, நேரம் இல்லை. நேரத்தை எழுதச் சொல்லி நின்றேன். "எதுக்கு சார் இவ்ளோ சந்தேகம்?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார். பின்னால் "நீங்கள் தாமதமாகத் தந்தீர்கள்" என்று அதே ஆள் சொன்னபோது அந்த நேரம்தான் காப்பாற்றியது. யாராக இருந்தாலும் நேரம் எழுதாமல் ரசீது வாங்காதீர்கள்.

கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடவில்லை. ரசீதில் இருந்த முகவரியைப் பார்த்து ஐந்து ரோடு பக்கம் போனால் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. கீழே பேக்கரிக்காரர், அவர்கள் சூரமங்கலம் போய் மாசக்கணக்காகிறது என்றார். ரசீதில் மட்டும் பழைய முகவரி. சூரமங்கலத்தில் ஆள் இருந்தார், கார்டு இல்லை. எல்லாம் ஸ்கோர் மேஜைப் பொறுப்பாளரிடம் இருக்கிறதாம், அவர் ஏற்காட்டில் வேலை பார்க்கிறாராம், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லக் கூடாதா? கூடாதாம், "அது அவர் பர்சனல் நம்பர்."

கோடை விழா நேரம். ஏற்காடு பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. அந்த இருபது கொண்டை ஊசி வளைவையும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஏறினோம். மேலே போய் விசாரித்தால், அவர் காலையிலேயே ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் இறங்கிவிட்டார். ஏரியைச் சுற்றி ஜனவெள்ளம். பையன் மட்டும் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றுவிட்டு நிம்மதியாக இருந்தான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. மலைக்கு அனுப்புகிறவர்கள் நம்பர் தராவிட்டால் ஏறாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஒருவழியாகக் கார்டுகளோடு எல்லாரையும் சூரமங்கலத்தில் உட்கார வைத்தது அன்று தாள் வாங்கச் சொன்ன அந்த அம்மாதான். மாஸ்டர் அவருக்கு நேரடியாக வாட்ஸ்அப்பில் ரசீதையும் வீடியோவையும் அனுப்பியிருந்தார். வீடியோ எங்களுடையதுகூட இல்லை. எங்கள் போனில் எடுத்ததில் புள்ளி வெட்டிய இடத்தில் யாரோ ஒரு தாத்தாவின் முதுகுதான் இருந்தது. நீல மூலைப் பையனின் அண்ணன் எடுத்ததில் ரெஃப்ரியின் விரல் வரை தெளிவு. கேட்டதும் அனுப்பிவிட்டார், பெரிய மனசு. "அவன் வலையைப் பிடிச்சது பிடிச்சதுதானுங்க அண்ணா" என்றார்.

மேஜைக்காரர் அங்கேயும் விடவில்லை. "57 வந்தா தப்புன்னு யார் சொன்னா? ஒரு சுற்றை 10-10 போட்டிருப்பார்" என்றார். கணக்குப்படி அது நடக்கக்கூடியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு சுற்று 10-10 ஆகி, வெட்டிய புள்ளியும் கழிந்திருந்தால் 29-28 சரியாக வரும். ஆனால் 10-10 என்பது இரண்டு பேருக்கும் மயிரிழைகூட வித்தியாசம் இல்லாதபோது மட்டும் போடுவது, அபூர்வம். வாதாடிக்கொண்டிருப்பானேன்? கார்டைத் திறங்கள் என்றோம்.

திறந்தார்கள். மூன்றாம் ஜட்ஜின் சீட்டில் முதல் சுற்று சிவப்புக்கு 10-9, இரண்டாவதும் மூன்றாவதும் நீலத்துக்கு 10-9. பத்துக்குப் பத்து எங்கேயும் இல்லை. மற்ற இரண்டு சீட்டிலும் இரண்டாம் சுற்றுக்கு நேராகச் சிவப்பு மையில் கழித்தல் ஒன்று என்று இருந்தது. இதில் இல்லை. இங்கே ஒரு விஷயம்: புள்ளியைக் கழிப்பது ஜட்ஜின் வேலை இல்லை. ஜட்ஜ் பார்த்த சண்டைக்கு மட்டும் மார்க் போடுவார். ரெஃப்ரி வெட்டியதைக் கழித்துக் கூட்டுவது ஸ்கோர் மேஜையின் பொறுப்பு. ஆகவே ஜட்ஜைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு டீ டம்ளரைக் கீழே வைக்காதவர் இப்போது மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா, "இது அபிப்பிராயம் இல்லை, கணக்கு. திருத்துங்க" என்றார். இரண்டே நிமிடம்.

28-28. ஒருவர் சிவப்பு, ஒருவர் நீலம், ஒருவர் சமம். ஸ்பிளிட் டிரா.

வெளியே வந்ததும் பையன் கேட்டது: "மாமா, எனக்கு ஒரு சுற்றுகூடத் தராத அந்த ரெண்டாவது ஜட்ஜ் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாரு?" நியாயமான கேள்வி. கூண்டின் மூன்று பக்கத்திலிருந்து பார்க்கும் மூன்று பேருக்கு மூன்று சண்டை தெரியும். 2024 ஜூனில் பூஜா தோமர் யூஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியர் ஆனாரே, அந்தச் சண்டையில் ஒரு ஜட்ஜ் அவருக்கு 30-27 போட்டார், இன்னொருவர் 27-30 போட்டார். அன்று நமக்குச் சாதகமாக முடிந்ததால் யாரும் பேசவில்லை. அமெரிக்காவில் கான்ஸஸில் 2020-இலேயே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மார்க்கை வெளியே சொல்லிப் பார்த்தார்கள். அது இங்கே இருந்திருந்தால் இரண்டாம் சுற்று முடிந்த கையோடு மண்டபத்திலேயே பிழை பிடிபட்டிருக்கும், எனக்கு ஏற்காடு மிச்சமாகியிருக்கும்.

முறையீடு ஜெயித்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அதற்கு அசல் ரசீது வேண்டும், போனில் எடுத்த படம் செல்லாது. கோச் பெயரில் கட்டியதால் கோச்தான் வாங்க வேண்டும். மாஸ்டர் இன்னும் என் மேல் கோபமாக இருக்கிறார், அந்த ஒன்றரைப் பக்கத்துக்காக. புதன்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு சூரமங்கலம் போக வேண்டும். திருத்திய சான்றிதழும் அன்றைக்குத்தான் தருவார்களாம்.