பின் பிரேக்கோடு நான்கு ஞாயிறு

புகார் இரண்டு. ஒன்று, பிரேக் பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் வண்டி பிடிக்கிறது. இரண்டு, காலையில் வண்டியை எடுத்ததும் முதல் பிரேக்கில் பின் வலது சக்கரம் மட்டும் கிறீச்சென்று கவ்விக்கொள்கிறது. நாலைந்து தடவை பிரேக் பிடித்த பிறகு அந்தக் கவ்வல் அடங்கிவிடும். பெடல் மட்டும் அப்படியே.

வண்டி பழையது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஓட்டம் பின் சக்கரத்துக்கு. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பின் பிரேக் ஷூக்களை மூன்று மாதத்துக்கு முன் நானேதான் மாற்றினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிறு

டிரம்மைத் தொடும் முன்பே எனக்கு விடை தெரிந்துவிட்டது. பிரேக் ஆயில் அழுத்தத்தில் ஷூக்களை விரிக்கும் வலது வீல் சிலிண்டர் கசிகிறது. கசிந்தால் உள்ளே காற்று ஏறும், பெடல் இறங்கும். கசிந்த பிரேக் ஆயில் ஷூவின் உரசும் பரப்பான லைனிங்கில் படும், சக்கரம் கவ்வும். லைனிங் முழுக்க நனைந்தால்தான் வழுக்கும். லேசாக ஈரம் பட்டால் தாறுமாறாகப் பிடிக்கும். இரண்டு புகாருக்கும் ஒரே காரணம்! இதைவிட என்ன வேண்டும்?

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மூன்று மாதமாக அதே கோட்டில்தான் நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடியை மூடிவிட்டேன்.

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின்பக்கம் ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினேன். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. டிரம் வரவில்லை. நடு ஓட்டையைச் சுற்றி ஹப்போடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்து அரை மணி நேரம் விட்டேன். அதற்குள் ஷூக்கள் மாட்டியிருக்கும் பேக் பிளேட்டின் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, ஸ்குரூடிரைவரால் ஸ்டார் வீலைச் சில பல் தளர்த்தினேன். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பல் சக்கரம் அது. வழக்கமாக இதற்கு இரண்டு ஸ்குரூடிரைவர் வேண்டும். ஒன்றால் அட்ஜஸ்டரின் நெம்புகோலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பல்லைத் திருப்ப வேண்டும். அன்று ஒன்றே போதுமாக இருந்தது. டிக் டிக்கென்று சுற்றியது. நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட்டுகளைப் போட்டு, ஒன்றுக்குக் கால் சுற்று, மற்றதற்குக் கால் சுற்று என மாற்றி மாற்றி இறுக்கினேன். ஐந்தாவது சுற்றில் ‘டக்’கென்று ஒரு சத்தம். டிரம் கையோடு வந்துவிட்டது.

உள்ளே ஈரம். பேக் பிளேட்டின் கீழ்ப்பாதியில் தூசியும் எண்ணெயும் கலந்து கரிய சேறாகப் படிந்திருந்தது. பின் ஷூவின் கீழ்முனை பளபளத்தது. சந்தேகமே இல்லை, சிலிண்டர்தான்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் அடித்து ஊதக் கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டவும் கூடாது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, நனைந்த பிறகு துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டேன்.

சிலிண்டரைக் கழற்றுவதில்தான் பாதி நாள் போனது. பைப் நட்டில் சாதா ஸ்பேனரைப் போட்டதும் முனை மழுங்கிவிட்டது. ஆறு முகத்தில் ஐந்தைக் கவ்வும் ஃபிளேர் ஸ்பேனர் பெட்டியிலேயே இருந்தது, எடுக்கச் சோம்பல். கடைசியில் கிரிப் பிளையர் போட்டுத்தான் நட் அசைந்தது. சொட்டிய பிரேக் ஆயில் சக்கர வளைவின் பெயிண்டில் விழுந்தது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியும் ஒரு ரூபாய் அளவுக்குப் பெயிண்ட் பொரிந்துவிட்டது.

புது சிலிண்டர் போட்டு, சீல் உடைக்காத டாட் 4 டப்பாவைத் திறந்து, தம்பியை சீட்டில் உட்காரவைத்து ஏர் எடுத்தேன், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். “அழுத்து. பிடி. பிடிச்சுக்கோ… இப்போ விடு.” இருபது தடவை. கடைசிப் பத்தில் குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஷூக்களைப் பெட்ரோலில் கழுவி, லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். இது வீண் வேலை. எண்ணெய் குடித்த லைனிங்கை எதில் கழுவினாலும், சூடேறினால் உள்ளிருந்து மறுபடி கசியும். தெரிந்தே செய்தேன்.

பெடல் அதே இடத்தில்.

நடுவில் ஒரு புதன்

காலையில் மறுபடி கிறீச். இரவு, கழற்றிய பழைய சிலிண்டரை மேசையில் வைத்து இரண்டு பக்கத்து ரப்பர் தொப்பியையும் உரித்தேன். உள்ளே எலும்பு மாதிரி உலர்வு. கொஞ்சம் மண்ணிறத் தூள், அவ்வளவுதான். கசிகிற சிலிண்டராக இருந்தால் தொப்பியைத் தூக்கியதும் சொட்ட வேண்டும். இந்தச் சோதனைக்கு எதையும் கழற்றவே தேவையில்லை. சிலிண்டர் வண்டியில் இருக்கும்போதே ஒரு நிமிட வேலை.

அப்படியானால் அந்த ஈரம் என்ன?

இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் புது பிரேக் ஆயில் ஒரு சொட்டு. பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். டாட் 3, டாட் 4 இரண்டும் அப்படித்தான். காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சும். அதனால்தான் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காத டாட் 4, நீர் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். போட்ட சொட்டு தண்ணீரில் கரைந்து காணாமல் போனது. இன்னொரு டம்ளரில், பேக் பிளேட்டைத் துடைத்த துணியைப் பிழிந்தேன். அது வட்டமாக மேலே மிதந்தது. முகர்ந்தால் கந்தக நெடி. கியர் ஆயில் வாடை மறக்கக்கூடியதா?

ஆக, கிரவுன் ஆயில் (பின் ஆக்சில் நடுவில் இருக்கும் பல் சக்கரங்களுக்கான கியர் ஆயில்) ஆக்சில் குழாய் வழியாக வந்து, ஆயில் சீலைத் தாண்டி டிரம்முக்குள் இறங்குகிறது. சிலிண்டர் பாவம்.

இரண்டாம் ஞாயிறு

கவ்வலுக்குக் காரணம் கிடைத்தது. ஆனால் கிரவுன் ஆயில் கசிந்தால் பெடல் ஏன் இறங்க வேண்டும்? இங்கேதான் என் ஒற்றைக் காரணம் உடைந்தது. சீல் வரும்வரை பெடலைத் தனியாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு தடவை அழுத்தினேன். ஆழமாக இறங்கியது. விட்டு உடனே இன்னொரு தடவை. இப்போது மேலேயே நின்றது. உள்ளே காற்று இருந்தாலும் இரண்டாவது அழுத்தில் பெடல் ஏறும். ஆனால் கால் வைத்தால் பஞ்சை மிதிப்பது போல இருக்கும். இது அப்படியில்லை. இறங்குகிற தூரம் அதிகம், பிடித்த இடத்தில் கல் மாதிரி இறுக்கம். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போனால்தான் இப்படி. முதல் அழுத்தில் பிரேக் ஆயில் முழுதும் ஷூவை டிரம் வரை தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது.

ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு (போன மாதம் லீவர் உயர்ந்துவிட்டதே என்று அதை இறுக்கிவைத்திருந்தேன், அதுவும் தப்பு) ஸ்டார் வீலைத் திருப்பப் போனேன். இறுக்குகிற பக்கம் அசையவே இல்லை. நெம்புகோலை இன்னொரு ஸ்குரூடிரைவரால் தள்ளிப் பிடித்தால்தான் நகர்ந்தது. துரு என்று திட்டிக்கொண்டே வலதில் 26 பல், இடதில் 23 பல் இறுக்கினேன். சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் வரும் அளவுக்கு வைத்தேன். பெடல் மேலே வந்துவிட்டது. அந்த மாலை வண்டியை ஓட்டியது தனிச் சுகம்.

நான்கு நாள். வியாழக்கிழமை பெடல் மறுபடி பாதியில். மறுபடி எண்ணினேன். வலதில் 14 பல், இடதில் 12 பல் தளர்ந்திருந்தது.

தானாக இறுக்க வேண்டிய அட்ஜஸ்டர் தானாகத் தளர்த்திக்கொண்டிருந்தது.

கையில் ஸ்குரூடிரைவரோடு தரையில் படுத்தபடியே எனக்கு அந்த டப்பா நினைவுக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு முன், இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பிரித்தேன். அட்ஜஸ்டர் இரண்டையும் ஒரே டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டேன். வெளியே எடுக்கும்போது இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒன்றாகவே இருந்தன. ஆனால் ஒன்று வலது மரை, மற்றது இடது மரை. பக்கம் மாற்றிப் போட்டால் நெம்புகோல் அதே திசையில்தான் பல்லைத் தள்ளும், மரை எதிர்த்திசையில் உள்ளே போகும். இடைவெளி கூடக் கூட ஷூ நகரும் தூரம் கூடும், நெம்புகோல் இன்னும் அதிகமாகத் தள்ளும், இன்னும் தளரும். எங்கள் வண்டியில் கால் பிரேக் அழுத்தும்போதே இது வேலை செய்கிறது. சில வண்டிகளில் ரிவர்ஸில் பிரேக் பிடித்தால்தான் அட்ஜஸ்ட் ஆகும்.

முதல் ஞாயிறு ஒரே ஸ்குரூடிரைவரால் ‘டிக் டிக்’கென்று தளர்ந்ததே, அது நல்ல நேரம் இல்லை. அங்கேயே சொல்லிவிட்டது, நான்தான் கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு

இடது பக்கத்தை முழுதாக மாட்டியபடி விட்டு, வலதை மட்டும் பிரித்தேன். குழம்பினால் எட்டிப் பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி வேண்டும். அட்ஜஸ்டர் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது துருவுக்கு அடியில் சின்னதாக ‘எல்’ என்ற எழுத்து. வலது பக்கத்தில் இடது பக்கத்துப் பொருள். முன்பே தேய்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு சீல். வலது பக்கம் இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினால் ஆக்சில் ஹவுசிங்கில் இருக்கும் ஆயில் இடது பக்கமாக ஓடிவிடும், தரையில் கொட்டாது. ஆக்சில் முகத்தில் உள்ள ஓட்டை வழியாக நான்கு நட்டையும் கழற்றினேன். ஷாஃப்ட் வரவில்லை. அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: டிரம்மை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, வீல் நட்டுகளை இரண்டு சுற்று மட்டும் போட்டு, டிரம்மை இரண்டு கையால் பிடித்து வெளிப்பக்கம் வெடுக்கென்று இழுக்க வேண்டும். நான்காவது இழுப்பில் ஷாஃப்ட் பேரிங்கோடு வழுக்கிக்கொண்டு வந்தது. பேக் பிளேட் பைப்பில் தொங்காமல் ஒரு போல்ட் போட்டு நிறுத்தினேன்.

பேரிங்கைச் சுற்றிப் பார்த்தேன், சத்தமோ ஆட்டமோ இல்லை. சீல் ஹவுசிங்குக்குள் தனியாக உட்கார்ந்திருந்ததால் பேரிங்கைத் தொடாமலே மாற்ற முடிந்தது. பழைய சீலின் உதடு பிளாஸ்டிக் போல விறைத்துவிட்டது. ஷாஃப்டில் அது உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், நகம் மாட்டவில்லை. மாட்டியிருந்தால் புது சீலும் சீக்கிரமே கசிந்திருக்கும். உதடு ஆயில் பக்கம் பார்க்க, கிரீஸ் தடவி, பெரிய சாக்கெட் வைத்து சமமாகத் தட்டி இறக்கினேன்.

இங்கே நிறுத்தியிருப்பேன். ஆனால் சிலிண்டர் விஷயத்தில் பட்ட சூடு ஆறவில்லை. சீல் ஏன் போனது? வயசு, சரி. வேறு ஏதாவது? ஹவுசிங் மேல் ஒரு சின்னத் தொப்பி இருக்கும், பிரீதர். ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகும், காற்று விரியும், அந்த வழியாக வெளியே போகும். என் பிரீதரில் சேறு காய்ந்து சிமென்ட் மாதிரி ஆகியிருந்தது. கழற்றி ஊதிப் பார்த்தேன், கன்னம்தான் வலித்தது. காற்றுக்கு வழி இல்லையென்றால் அது ஆயிலைத்தான் தள்ளும். வழி விடுவது சீல். ஊறவைத்துக் கம்பி விட்டுக் குத்தியதும் மூச்சு வந்தது.

நான்காம் ஞாயிறு

இரண்டு பக்கமும் புது ஷூ. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாகப் பிடிக்கும். டிரம் உள்விட்டம் 229.2 மி.மீ. வந்தது. டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச அளவு 230, கடையத் தேவையில்லை. பேக் பிளேட்டில் ஷூ உரசும் மேடுகளில் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு, கூடினால் அதுவே லைனிங்குக்கு வந்துவிடும். ரிட்டர்ன் ஸ்பிரிங் மாட்டும்போது பிளையர் வழுக்கி விரல் நடுவில் மாட்டியது, அதை விவரிக்க விருப்பமில்லை. இடது அட்ஜஸ்டர் இடதில், வலது வலதில். இந்தத் தடவை இறுக்கும் பக்கம் ஒரே ஸ்குரூடிரைவரில் ‘டிக் டிக்’. ஷூவைச் சரிசெய்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிள். லீவர் ஐந்தாவது பல்லில் பிடித்தது.

புது ஷூ டிரம்மோடு படிவதற்காக, ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு தடவை வேகம் குறைத்தேன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆறவிட்டு. இறங்கிப் புறங்கையை இரண்டு டிரம் அருகிலும் காட்டினேன். இரண்டிலும் ஒரே சூடு.

மூடும் முன் ஒவ்வொரு ஸ்டார் வீலிலும் ஒரு பல்லுக்கு வெள்ளை பெயிண்ட் பொட்டு வைத்திருந்தேன். 400 கி.மீ. ஓடிய பிறகு நேற்று ரப்பர் மூடியை எடுத்து டார்ச் அடித்தேன். உள்ளே உலர்ந்த சாம்பல் நிறத் தூசி. வலது பொட்டு இரண்டு பல் நகர்ந்திருக்கிறது, இடது பொட்டு ஒன்று. இரண்டும் இறுகும் பக்கம்.