வடிவம் உன் இஷ்டம், மெட்டு உன் இஷ்டம் இல்லை

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் "உனக்கு வேண்டிய எலக்ட்ரிக் கிட்டாரை நீயே செய்துக்கலாம்" என்று சொன்னால் எல்லோரும் முதலில் நீட்டுவது படத்தைத்தான். நெருப்பு வடிவம், கோடாலி வடிவம், ஒருத்தன் வேலூர்க் கோட்டை மதிலையே வரைந்துகொண்டு வந்தான். காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் சனிக்கிழமை மதியங்களில் இந்த வகுப்பை எடுக்கிறேன். பாதிப் பேர் கிட்டாரைப் பக்கத்தில் பார்த்தது சர்ச்சில், மீதிப் பேர் கல்யாண மண்டப லைட் மியூசிக்கில். படத்தை நான் திருத்துவதே இல்லை. உடம்பு கெட்டிக் கட்டை, உள்ளே காற்று அறை கிடையாது, சத்தத்தை எடுப்பது கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப். அதனால் கோட்டை மதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டு கெடாது. (மரத்துக்கு மரம் டோன் மாறும் என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும், அளவு தப்பினால் வரும் வித்தியாசத்தின் முன்னால் அது ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி.) தோளில் மாட்டினால் தலைப்பக்கம் சாயாமல் நிற்க வேண்டும், கழுத்து உட்காரும் பள்ளம் நடுக்கோட்டை விட்டு விலகக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றபடி என்ன வேண்டுமானாலும் வெட்டிக்கொள்.

அப்புறம் கழுத்துக்கு வருவோம், அதாவது மெட்டுகள் (ஃப்ரெட், எங்கே அழுத்தினால் எந்தச் சுரம் என்று முடிவு செய்யும் குறுக்குக் கம்பிகள்) பதிக்கும் நீளக் கட்டைக்கு. இங்கேதான் அவர்கள் முகம் மாறும், ஏனென்றால் "என் இஷ்டப்படி" என்பது இங்கே முடிந்துபோகிறது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு) பிரிட்ஜ் (உடம்பின் மேல் கம்பியைத் தாங்கும் துண்டு) வரை கம்பியின் நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். அதை 17.817 ஆல் வகுத்தால் 36.37, நட்டிலிருந்து அவ்வளவு மில்லிமீட்டர் தள்ளி முதல் மெட்டு. மிச்சமிருக்கும் நீளத்தைத் திரும்ப 17.817 ஆல் வகுத்தால் இரண்டாவது மெட்டு, இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 324 இல் வந்து உட்காரும், உட்காரவில்லை என்றால் கணக்கு தப்பு. பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை படித்தோமே, அதுதான் இது என்று சொன்னதும் ஒரு பெண் "அப்போ பொது விகிதம் இரண்டின் பன்னிரண்டாம் மூலமா சார்" என்று கேட்டாள். நட்டை நோக்கிப் போனால் அதேதான், பிரிட்ஜை நோக்கி வந்தால் அதன் தலைகீழ், 0.9439. அந்தப் பாடத்தை எழுதியவர் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

கணக்கு வந்துவிடுகிறது, குறிப்பதில்தான் வம்பு. ஒவ்வொரு மெட்டையும் முந்தின மெட்டிலிருந்து அளந்துகொண்டே போனால் சின்னச் சின்னப் பிழையெல்லாம் சேர்ந்து கடைசியில் வந்து நிற்கும். அதனால் ஸ்கேலை ஒரே தடவை நட்டில் வைத்து, நகர்த்தாமல், எல்லாவற்றையும் அங்கிருந்தே குறிக்கச் சொல்கிறேன். பிழையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வலிக்காது. முதல் மெட்டு 1 மி.மீ. தள்ளிப்போனால் சுருதி சுமார் 3 சென்ட் விலகும், இருபதாவது மெட்டு அதே 1 மி.மீ. தள்ளினால் 8 சென்ட்டுக்கு மேல் போய்விடும், ஏனென்றால் அங்கே மிஞ்சியிருக்கும் கம்பியே 204 மி.மீ.தான். அரை சுரத்துக்கு 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு என்று புரியும். வீணையில் 24 மெட்டையும் மெழுகின் மேல் வைத்துக் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்திச் சரிசெய்ய முடிகிறது. இங்கே ரம்பம் இறங்கின இடம் இறங்கினதுதான். உடம்பின் படத்துக்கு வாரக்கணக்கில் ரப்பர் தேய்த்த பையன்கள் இந்த ஒரு மதியம் மட்டும் பேசாமல் வேலை செய்வார்கள்.

பிக்கப் சுற்றுவது வேறு கதை, அதில் கொஞ்சம் விளையாடலாம். ஆறு காந்தத் துண்டு, அதைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி சுமார் 8,000 சுற்று. அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ், நம் கடைகளில் கேட்கும் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 46க்குப் பக்கம். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை, ஆனால் அங்கே புழங்குவது தடிமனான கம்பி. எங்களுக்கு ஃபேன் காயில் சுற்றும் கைமெஷினைக் கொடுத்து உதவிய அண்ணன் இந்தக் கம்பியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், தலைமுடி கணக்கா கீது, இத்த எப்படி அறுக்காம சுத்துவீங்க" என்றார். அறுந்துகொண்டேதான் இருக்கும். விரலால் லேசாகப் பிடித்து ஓட்டப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

சுற்றி முடித்ததும் கிட்டாரில் மாட்டும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பலகையில் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டி, பிக்கப்பைக் கீழே வைத்து, பேட்டரி ஆம்ப்பில் செருகித் தட்டினால் சத்தம் வரும். கம்பியைக் கழற்றி நைலான் போட்டால் வராது. ஃபாரடே 1831 இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மார்க்குக்கு எழுதப்போகிற அதேதான், இப்போது காதில் கேட்கிறது. ஒருநாள் இந்தச் சோதனை நடுவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போனது. ஆம்ப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் உறுமிக்கொண்டிருந்த இரைச்சல் மட்டும் சட்டென்று நின்றுவிட்டது. சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸையும் சேர்த்துத்தான் அந்தச் சுருள் பிடித்துக்கொண்டிருந்தது என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். இரண்டு சுருளை எதிரெதிராகச் சேர்த்து அந்த இரைச்சலை அடித்துப்போடும் ஹம்பக்கரை கிப்சன் கம்பெனியின் செத் லவர் 1955 இல் செய்தார். அந்தப் பாடம் எடுக்க எனக்கு மின்வாரியமே உதவி செய்தது.

மரம் பற்றி நிறையக் கேட்கிறார்கள். உடம்புக்கு மலைவேம்பு, கனமில்லை, விலையும் கட்டுப்படியாகிறது. கழுத்துக்கு நன்றாகக் காய்ந்த தேக்கு. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையில் இழுப்பதால் கழுத்து வளையாமல் பிடிக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி உள்ளே இல்லாமல் விடுவதில்லை. மரத்தில் பள்ளம் குடையும் ரூட்டர் மெஷினை ஆசாரிதான் பிடிப்பார், பிள்ளைகள் கையில் தரமாட்டேன், இதில் பேச்சே கிடையாது. உளி, அரம், உப்புத்தாள் எல்லாம் அவர்களுடையது. நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு, மரம் குறுக்குவாக்கில் சுருங்கி மெட்டுக் கம்பிகளின் முனை இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு விரலைக் கீறும். நீளவாக்கில் மரம் அவ்வளவாகச் சுருங்காது, அதனால் சுருதி தப்பாது, முனையை அரம் போட்டால் போதும்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே சார்" என்று தயங்குகிறவர்களிடம் லியோ ஃபெண்டரைப் பற்றிச் சொல்வேன். கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், 1954 இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்தவர், அவருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாது. என் வகுப்பிலும் வாசிக்கத் தெரியாதவர்களின் வேலைதான் சுத்தமாக இருக்கிறது. தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் கம்பி மாட்டிவிட வேண்டும் என்ற அவசரம்.

இப்போது பொது விகிதம் கேட்ட அந்தப் பெண் பேஸ் கிட்டார் (கீழ்ச்சுருதிக்கான நீளக் கிட்டார்) செய்யப்போகிறாளாம். 34 அங்குலம், 864 மி.மீ., முதல் மெட்டு 48.5 இல் என்று கணக்கெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்த நீளத்துக்கு முடிச்சும் முறுக்கும் இல்லாத தேக்குதான் அகப்படவில்லை. பழைய வீடு இடித்த உத்தரம் ஒன்று வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று மரவாடிக்காரர் சொல்லியிருக்கிறார். ஆணி இருக்கிறதா என்று பார்க்கப் பிக்கப் காந்தத்தையே எடுத்துப் போகலாம் என்பது அவள் யோசனை.