நிழலைப் பிடித்துக் கிப்லா குறித்த கதை

கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் தொழுகைக்கென்று ஒரு கூடம் எடுத்தோம். சுவர் எழும்பிவிட்டது, மேலே ஷீட் இன்னும் போடவில்லை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கிப்லாவை, அதாவது தொழும்போது முகம் நோக்க வேண்டிய திசையை, திருத்தமாகக் குறித்துவிட வேண்டும் என்று அத்தா (அப்பா) பிடிவாதமாக இருந்தார்.

நம் பக்கத்தில் கிப்லா என்றாலே மேற்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணக்குப்படி பார்த்தால், காவிரி டெல்டாவிலிருந்து மக்காவிலுள்ள கஅபா நேர் மேற்கில் இல்லை. ஏறக்குறைய 20 டிகிரி வடக்கே ஒதுங்கியிருக்கிறது. தூரமோ 4,300 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு தொலைவில் இருப்பவருக்குத் திசை பொருந்தினால் போதும் என்பது ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). அத்தா அதில்தான் இருக்கிறார், ஆனாலும் விடவில்லை. நாகூர் மச்சான் ஷாஃபிஈ மத்ஹப். கஅபாவையே நேராக நோக்க முயல வேண்டும் என்பது அவர்கள் பக்கம் வலுவான கருத்து. ஆக, இருவரும் ஒரே கட்சி.

செல்போன் திசைகாட்டியை நம்பினால் சுவரோரம் ஒன்று காட்டுகிறது, நடுக்கூடத்தில் வேறொன்று. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அதை இழுக்கிறது. பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் கேட்டபோது, "மே 28 வரை பொறுங்க, சூரியனே காட்டிடும்" என்றார்.

விஷயம் இதுதான். அன்று மக்காவில் பகல் 12.18க்குச் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கும். நமக்கு அப்போது பிற்பகல் 2.48. அந்த நேரத்தில் சூரியன் தெரியும் பக்கம்தான் கிப்லா. நிழல் அதற்கு நேர் எதிரே விழும்.

கத்திரி வெயிலில் கொத்தனார் தூக்குக்குண்டை ஒரு சாரக்கம்பில் தொங்கவிட்டார். காற்றில் ஆடாமலிருக்க குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கினோம். நேரம் வந்ததும் நூலின் நிழல்மேல் சாக்பீஸால் கோடு. அதற்கு மூலைமட்டம் வைத்து ஸஃப் (தொழுகை வரிசை) நிற்கும் குறுக்குக் கோடுகள். கழிப்பறைப் பீங்கான் கிப்லாவை நோக்கியோ முதுகு காட்டியோ இருக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டோம்.

கோடுகள் சுவருக்குச் சாய்வாக வந்தன. "ரூம் ஒரு பக்கம் பாக்குது, நீங்க ஒரு பக்கம் நிக்கிறீங்களே பாய்" என்று கொத்தனாருக்கு மனத்தாங்கல். ஹஜ் போய் வந்த அம்மாவுக்குச் சிரிப்பு. "மக்காவுல ஹரம் பள்ளிவாசல்ல போய்ப் பாருங்க, அங்க ஸஃப்பே வட்டமாத்தான் நிக்கும். கஅபாவைச் சுத்தி எந்தப் பக்கம் நின்னாலும் கிப்லாதான்" என்றார். கடைசியில் டைல்ஸைச் சுவரோடு ஒட்டிவிட்டு, ஸஃப் கோட்டுக்கு மட்டும் கறுப்புப் பட்டை பதித்தோம். மூலையில் மிஞ்சிய முக்கோண இடத்தில் குர்ஆன் அலமாரி.

மே மாதம் தவறினால் ஜூலை 16 இருக்கிறது, அன்றும் சூரியன் கஅபாவின் உச்சிக்கு வரும், நம் நேரம் பிற்பகல் 2.57. மேகம் மூடினால் முதல்நாளோ மறுநாளோ அதே நேரத்தில் பார்க்கலாம், பெரிய வித்தியாசம் வராது. சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், நிழல் போதும்.