இந்த வருட உரம், எந்த வருடப் பூ?

டெல்லிக்கு ஆராய்ச்சி செய்ய வரும் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் வேளாண்மை படித்தவர்கள். நெல்லுக்கு மேலுரம் போட்டால் சில நாட்களிலேயே பயிர் பச்சை கட்டும். கதிரில் அதன் பலன் அந்தப் போகத்திலேயே தெரிந்துவிடும். அதே எதிர்பார்ப்போடு இமயமலையில் மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு மேலே, உத்தராகண்டின் துங்கநாத்தைச் சுற்றியுள்ள புக்யால் புல்வெளிகளுக்குப் போகிறார்கள். ஜூனில் யூரியா, ஆகஸ்டில் பூக்கணக்கு, செப்டம்பரில் விதை, டிசம்பரில் அறிக்கை. 'நைட்ரஜன் கொடுத்தும் பூக்களின் எண்ணிக்கை மாறவில்லை' என்று எழுதி முடிக்கிறார்கள். எண்ணியது சரிதான், எண்ணிய வருடம்தான் தவறு.

அங்கே பனி விலகுவதற்கும் மறுபடி விழுவதற்கும் நடுவே செடிக்குக் கிடைப்பது நாலைந்து மாதம். அதற்குள் மொட்டு கருவாகி, பூத்து, விதை முற்ற நேரம் போதாது. அதனால் பல செடிகள் அடுத்த வருடத்து மொட்டை இந்த வருடமே மண்ணுக்கடியில் தயார் செய்து வைத்துக்கொள்கின்றன. இதன் உச்சம் பிஸ்டோர்டா விவிபாரா என்ற சின்னச் செடி. இமயமலையிலும் உண்டு, ஆர்க்டிக் பகுதியிலும் உண்டு. இதன் ஓர் இலையோ பூங்கதிரோ கருவாகி முழு முதிர்ச்சி அடைய நான்கு வருடம் பிடிக்கிறது என்று தாவரவியலாளர் பமேலா டிகிள் 1997-ல் காட்டினார். இந்த ஜூலையில் வெளியே தலைகாட்டும் கதிரில் எத்தனை பூ என்பது பெரும்பாலும் பழைய வருடங்களில் முடிவானது. இப்போது போடும் உரம், உருவாகிவிட்ட பூக்களில் எத்தனை கருகி உதிரும், எத்தனை தேறும், விதை எவ்வளவு பருக்கும் என்பதைத்தான் மாற்ற முடியும். புதிதாகத் தோன்றும் பூக்களின் எண்ணிக்கையை மாற்றியதா என்று பார்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டும், அல்லது மொட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்ப்பது பொறுமை வேண்டும் வேலை. ஆனால் இந்தத் துறையில் இதைவிட நேரடியான சாட்சி வேறில்லை. செப்டம்பரில் செடியைக் கிழங்கோடு தோண்டி, மண்ணைக் கழுவி, 70 சதவீத ஆல்கஹால் 90 மில்லி, பார்மலின் 5 மில்லி, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மில்லி கலந்த திரவத்தில் போட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிவிட்டால் டெல்லிக்குக் கொண்டுவந்து நிதானமாகப் பார்க்கலாம். ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் கிழங்கின் நுனியில் பழுப்புநிற உறை ஒன்று தெரியும். அதை ஊசியால் கிழித்தால் உள்ளே வெளுத்த இலை; அதற்குள் இன்னோர் உறை, அதற்குள் அதைவிடச் சின்ன இலை. அடுத்த வருடத்துக்கான கதிரில் மணிகள்போல மேடுகளை எண்ண முடியும். அதற்கடுத்த வருடத்துக்கானது ஒரு புள்ளி அளவுதான். உரமிட்ட பாத்தியில் வெளியே கதிர் மாறாமல் இருந்தாலும் உள்ளே இந்த மேடுகள் கூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். இதே செடியில் கதிரின் மேல்பாதியில் பூக்களும் கீழ்ப்பாதியில் குமிழ்களும் இருக்கும். குமிழ் உதிர்ந்து நேரடியாகப் புதுச் செடி ஆகும். இரண்டையும் ஒரே தலைப்பில் எண்ணினால் சத்து எந்தப் பக்கம் போனது என்ற கேள்வியே காணாமல் போகும்.

அடுத்த சிக்கல் மண் பரிசோதனையில். மண்ணிலிருந்து செடிக்குக் 'கிடைக்கும்' நைட்ரஜனை அளக்க நம் நாட்டு ஆய்வகங்களில் வழக்கமானது காரப் பெர்மாங்கனேட் முறை. சுப்பையா, அசிஜா என்ற ஆய்வாளர்கள் 1956-ல் வெளியிட்டது. வயல் மண்ணுக்கு நல்ல முறை. ஆனால் மலையுச்சி மண்ணில் மட்காத வேரும் இலையும் அடர்ந்து கிடக்கின்றன. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். பெர்மாங்கனேட் அந்தக் கரிமப் பொருளையும் சேர்த்து உடைத்து, செடிக்கு எட்டாத நைட்ரஜனையும் 'கிடைக்கும்' கணக்கில் காட்டிவிடுகிறது. செடி பசியோடு நிற்க, அறிக்கையில் 'மிகுதி' என்று வரும்.

இதோடு ஹெக்டேர் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும் எண்ணை 2.24-ஆல் பெருக்கி ஹெக்டேருக்குக் கிலோவாக மாற்றுவது ஆய்வகப் பழக்கம். 15 செ.மீ. ஆழத்துக்கு ஹெக்டேரில் 22.4 லட்சம் கிலோ மண் இருக்கிறது என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்றால் 560 கிலோ. மண்வள அட்டவணைப்படி அது நடுத்தரத்தின் மேல் எல்லை. அதே மண்ணில் கன அளவில் 30 சதவீதம் கல், மீதி மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.6 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஹெக்டேரில் இருப்பது 6.3 லட்சம் கிலோ மண்தான். நைட்ரஜன் சுமார் 157 கிலோ. 280-க்குக் கீழே என்றால் 'குறைவு'. ஒரே மண், ஒரே சோதனை, தீர்ப்பு மட்டும் தலைகீழ். அதனால் அடர்த்தியும் கல்லின் அளவும் அளக்காமல் ஹெக்டேர் எண்ணை எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நம்பகமான வழி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மண்ணின் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் இறக்குவது. லிட்டருக்கு 149.1 கிராம் கரைத்தால் 2 மோலார். 2 மி.மீ. சல்லடையில் சலித்த ஈர மண் 10 கிராம், கரைசல் 50 மில்லி, ஒரு மணி நேரக் குலுக்கல், வடிகட்டல். இதை டெல்லிக்கு வந்து செய்யலாம் என்று மண்ணைப் பையில் கட்டி எடுத்துவந்தால் கதை கெட்டது. துங்கநாத் அடிவாரத்துச் சோப்தாவிலிருந்து ரிஷிகேஷ், அங்கிருந்து பஸ்ஸில் டெல்லி காஷ்மீரி கேட். ஜூன் வெயிலில் பை சூடேற, மலையில் ஒரு பருவம் முழுக்க மெதுவாக நடக்கும் சிதைவு வழியிலேயே முடுக்கிவிடப்படுகிறது. உறையவைப்பதும் தீர்வல்ல, நுண்ணுயிர்கள் வெடித்து அவற்றுள் இருந்த நைட்ரஜன் வெளியே வந்துவிடும். கரைசலை 50 மில்லியாக அளந்து மூடிய பாட்டில்களை மேலே கொண்டுபோய், மண்ணை அங்கேயே போட்டுக் குலுக்கி வடிகட்டிக் குளிர்பெட்டியில் இறக்குவதுதான் சரி. ஈரப்பதத்துக்கு 20 கிராம் மண்ணைத் தனியே காற்றுப்புகாமல் மூடி எடுத்துவந்து 105 டிகிரியில் உலர்த்தலாம். வடிதாளிலேயே அம்மோனியம் ஒட்டியிருக்கும். தாளை முதலில் அதே கரைசலால் அலசுவதும், மண் போடாத பாட்டில்கள் சிலவற்றை உடன் வைப்பதும் அவசியம். சத்துக் குறைந்த மண்ணில் தாளின் அம்மோனியமே மண்ணுடையதைவிட அதிகமாக இருந்துவிடலாம்.

பாஸ்பரஸுக்கு ஒரு வரி போதும்: அமில மண்ணுக்கு ப்ரே சோதனை முறை; இமாச்சலத்தின் லாஹௌல், ஸ்பிதி பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணுக்கு ஓல்சன் முறை. கங்கைச் சமவெளிப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஓல்சன் போட வேண்டாம்.

உரத்தை வாங்குவதிலும் கவனம் தேவை. கடையில் கிடைக்கும் யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியது. மண்ணில் உள்ள அம்மோனியம், நைட்ரேட்டாக மாறுவதை அந்தப் பூச்சு தாமதப்படுத்தும். விவசாயிக்கு அது லாபம், சோதனைக்கு இன்னொரு மாறி. அம்மோனியம் நைட்ரேட் வாங்க 2012 விதிகளின்படி உரிமம் வேண்டும். எனவே டெல்லியில் ரசாயனம் விற்கும் திலக் பஜாரில் ஆய்வகத்தர யூரியாவை வாங்குவதே நடைமுறை. சதுர மீட்டருக்கு 10 கிராம் நைட்ரஜன் வேண்டுமென்றால் சுமார் 21.4 கிராம் யூரியா. பாஸ்பரஸுக்கு டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) போட்டால் நைட்ரஜனும் கூடவே போகும். சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. யூரியாவை இரண்டு லிட்டர் நீரில் கரைத்து ஊற்றினால், உரமில்லாத பாத்திக்கும் அதே இரண்டு லிட்டர் வெறும் தண்ணீர். சரிவில் ஒரு பாத்திக்குக் கீழே இன்னொன்று அமைத்தால் மேலே ஊற்றியது மழையில் கீழே வந்து சேரும். பக்கவாட்டில், இடைவெளி விட்டு அமைக்க வேண்டும். துங்கநாத் சரணாலயப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பிடி உரம்கூடப் போடக்கூடாது. போடத் தோன்றவும் கூடாது. சில வருடம் தொடர்ந்து சத்து ஏறினால் என்ன ஆகும் என்பது ஆட்டு மந்தை தங்கும் இடங்களிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்த மண்ணில் ருமெக்ஸ் நேபாலென்சிஸ் என்ற களை அகல இலையோடு அடர்ந்துவிடுகிறது; அதன் நிழலில் குட்டைச் செடிகளுக்குப் பூக்க வெளிச்சமே இல்லை. பாத்தியில் ஒரு செடிக்கு எத்தனை பூ என்று மட்டும் எண்ணாமல், எத்தனை செடி மிஞ்சியது என்றும் எண்ணச் சொல்வது இதனால்தான்.

பூ கூடியும் விதை கூடாமல் இருப்பதுண்டு. மழையும் மூடுபனியுமாக இருக்கும் வாரங்களில் வண்டும் ஈயும் பறப்பதில்லை; அப்போது குறை மண்ணில் இல்லை, மகரந்தத்தில். இதைப் பிரித்தறிய உரமிட்டது, இடாதது இரண்டிலும் பாதிப் பூக்களுக்குத் தூரிகையால் மகரந்தம் வைத்து, மீதியை இயற்கைக்கு விட வேண்டும். காய் வெடிக்குமுன் மெல்லிய நைலான் வலைப் பை கட்ட வேண்டும். விதை, சுருங்கியது, கருவுறாத சூல் மூன்றையும் தனித்தனியே எண்ணினால்தான் எந்தக் கட்டத்தில் இழப்பு என்று தெரியும்.

எடை போடும் வேலை டெல்லியில் ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் காற்றின் ஈரத்தை விதை குடித்துக்கொள்ளும். நூறு விதையின் எடை சில மில்லிகிராம்களே இருக்கும்போது, காலையில் எடை போட்ட உரப்பாத்தி விதைக்கும் மாலையில் எடை போட்ட வெறும்பாத்தி விதைக்கும் வரும் வித்தியாசம் வானிலையுடையதாக இருக்கலாம். சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலத்தில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து, ஒவ்வொரு பொட்டலமாக வெளியே எடுத்து, இரண்டு பாத்தி விதைகளையும் மாற்றி மாற்றி எடை போட வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் அடுப்பில் உலர்த்தி நீலமாக்கிய பிறகே அடுத்த பொட்டலம்.