ஆற்றுக்கு இடம்விட்டவர்கள்

மார்ச் 4, 2023, ஹூக் வான் ஹாலந்து

கடல் வெள்ளம் உள்ளே வராமல் நெதர்லாந்துக்காரர்கள் ஆற்று முகத்துவாரத்தில் கட்டியிருக்கும் மாஸ்லான்ட் தடுப்பைப் பார்த்தாகிவிட்டது. இந்த நாட்டின் வெள்ளத் தடுப்பையும் சென்னையின் வெள்ளத் தடுப்பையும் ஒப்பிடுவது என் ஆய்வு. ஊரில் யாரிடம் அதைப் பற்றிச் சொன்னாலும், "நமக்கும் அப்படி ஒரு கதவு போட முடியாதா?" என்றுதான் கேட்கிறார்கள். ரோட்டர்டாமில் நீர்மட்டம் 3 மீட்டரைத் தாண்டும் என்று கணினி கணித்தால், இரண்டு ராட்சதக் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். அசாத்திய வேலைதான். ஆனால் 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்தது கடலா? மழையும் ஏரி நீரும். செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி. முகத்துவாரத்தில் கதவு போட்டால் வெள்ளம் ஊருக்குள்ளேயே நிற்கும்.

மார்ச் 11, நைமேகன்

நான் தேடி வந்தது இதைத்தான். 1995 வெள்ளத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றிய பிறகு, கரையை உயர்த்திக்கொண்டே போனால் மட்டும் போதாது, ஆற்றுக்கு இடம்விட வேண்டும் என்று இங்கே முடிவெடுத்தார்கள். ரைன் நதியின் கிளையான வால் (Waal) ஆறு இந்த நகரத்தருகே வளைந்து குறுகுகிறது. எதிரே லென்ட் பக்கம் கரையை 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்தி, இடையில் ஒரு கிளைக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். பெருவெள்ளத்தில் நீர்மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் குறையும். இவ்வளவுதானா என்று தோன்றலாம். கரை தாங்குவதும் உடைவதும் அந்த ஒரு சாணில்தான். இதற்காக ஏறத்தாழ 50 வீடுகள் போயின. எதிர்ப்பு இருந்தது, பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது, இழப்பீடும் கிடைத்தது.

அடையாற்றுக்கு நாமும் இடம்விட்டோம். குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினோம். அதுவோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம்! வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்திலேயே குடிவைத்த கதை. எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

மார்ச் 15, டெல்ஃப்ட்

நீர் வாரியத் தேர்தல். படிக்க வந்த எனக்கும் ஓட்டு! சிவப்புப் பென்சிலால் வட்டத்தை நிரப்பினேன். 1289 முதல் இருந்துவரும் வாரியம். கரை, கால்வாய், நீரேற்று நிலையம் எல்லாம் அதன் பொறுப்பு. வரியும் அதுவே வசூலிக்கிறது. விவசாயிகளுக்கு வயலில் தண்ணீர் தாழ்ந்திருக்க வேண்டும், இயற்கை ஆர்வலர்களுக்கு உயர்ந்திருக்க வேண்டும். சண்டையை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஊரே கூடி ஏரியையும் கால்வாயையும் பராமரிக்கும் குடிமராமத்து நம்மிடமும் இருந்ததே என்பார்கள். இருந்தது. கரைக்கு மண் சுமந்தவரைக் கேட்டா மடையைத் திறந்தார்கள்?

மார்ச் 18

ஒப்பீட்டு அட்டவணையில் தடுப்புகளின் நீளத்தையும் செலவையும் நீக்கிவிட்டு, 'இடம்பெயர்ந்தவர் யார், முடிவெடுத்தவர் யார்' என்று சேர்த்தேன். பொறியியல் ஆய்வில் இதெல்லாம் எதற்கு என்கிறார் வழிகாட்டி. திங்கட்கிழமை வாதாட வேண்டும். ஜூனில் சென்னை போனதும் முதல் வேலை பெரும்பாக்கத்தில்.